உள்ளாடை விளம்பரம் ஆபாசமா? திருப்பூர் வாசகருக்குப் பதில்

கேள்வி:

வணக்கம் அம்மணி. அனுப்பர்பாளையம் பக்கம் முப்பது வருடமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறேன். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தோம். ஆர்டர் குறைந்ததால், மூன்று வருடமாகப் பெண்களுக்கான உள்ளாடையும் நைட்டியும் சொந்தப் பெயரில் தைத்து இணையத்தில் விற்கிறோம். விளம்பர வேலையைத் தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் எங்கள் இரண்டு விளம்பரங்களை இணைய விளம்பரத் தளத்தார் தள்ளிவிட்டார்கள். ஒன்று உள்ளாடை விளம்பரம். 'வயது வந்தோருக்கான உள்ளடக்கம்' என்று காரணம் வந்தது. இன்னொன்று, பெரிய அளவு நைட்டிக்காக நகைச்சுவையாகச் செய்தது. 'சம்சாரம் குண்டாகிவிட்டாரா? பந்தல் துணி தேட வேண்டாம், எங்களிடம் 5 எக்ஸ்எல் வரை இருக்கிறது' என்று போட்டிருந்தோம். படத்தில் இருப்பவர் எங்கள் செக்கிங் பிரிவில் வேலை செய்யும் அம்மாதான். ஆயுத பூஜை அன்று எடுத்த படம். கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஒன்பது நாள் ஓடிய பிறகு அதையும் நிறுத்தி, கணக்கையே முடக்கிவிட்டார்கள். பனியன் தொழிலே ஆபாசம் என்றால் திருப்பூரில் பாதிப் பேர் எங்கே போவது? இதைவிட மோசமான விளம்பரங்கள் தினமும் போனில் வருகின்றனவே? வேறு பெயரில் கணக்குத் தொடங்கிவிடலாம் என்கிறான் பையன். செய்யலாமா?

பதில்:

அண்ணா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் பையன் செய்துவிடக்கூடும். வேறு பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம். முடக்கப்பட்டவர் இன்னொரு பெயரில் உள்ளே வருவதைத் தளங்கள் மிகக் கடுமையான மீறலாக வைத்திருக்கின்றன. கூகுளின் விளம்பர விதிகளில் ஏமாற்றி நுழைவதற்கென்றே தனித் தலைப்பு இருக்கிறது. பெரும்பாலான மீறல்களுக்குக் குறைந்தது 7 நாள் முன்னெச்சரிக்கை கொடுப்பவர்கள், இதற்கு எச்சரிக்கையே இல்லாமல் கணக்கை நிறுத்துவார்கள். புதிய கணக்கிலும் அதே இணையதள முகவரி, அதே பேங்க் கார்டு, அதே பொருள்தானே இருக்கும்? ஏதோ ஒன்றை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அப்போது இன்று மறு ஆய்வு கேட்டு மீட்கக்கூடிய கணக்கும் சேர்ந்து போய்விடும். சொல்லின் நடுவே நட்சத்திரக் குறி போட்டு, எழுத்தை உடைத்து எழுதி, இயந்திரத்தின் கண்ணில் படாமல் நழுவப் பார்ப்பதும் இதே மீறலில்தான் சேரும்.

அடுத்தது, உங்களைக் கோபப்படுத்திய கேள்வி. பனியன் தொழில் ஆபாசம் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளாடை விற்கப் பெரிய தளங்கள் எதிலும் தடை கிடையாது. காட்டும் விதத்துக்குத்தான் விதி. நீங்கள் அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்துக்கு மேல் முகம் இல்லை, இடுப்புக்குக் கீழே கால் இல்லை. நடுவில் உள்ள உடல் மட்டும் திரை முழுக்க நிறைந்திருக்கிறது. பின்னால் ஒரு கட்டில், கசங்கிய விரிப்பு, சிவப்பு விளக்கு. பட்டையின் அகலம் தெரியவில்லை. கொக்கி எத்தனை வரிசை என்று தெரியவில்லை. எலாஸ்டிக்கை உள்ளே மடித்துத் தைத்திருக்கிறீர்களா, வெளியே தைத்திருக்கிறீர்களா என்பதும் தெரியவில்லை. முப்பது வருட அனுபவத்தில் நீங்கள் தைத்த பொருள் அந்தப் படத்தில் எங்கேயும் இல்லை.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விதி இதில் தெளிவானது. நிர்வாணம் இல்லாவிட்டாலும், ஓர் உறுப்பை மட்டும் நெருக்கிக் காட்டுவதும் பாலுணர்வைத் தூண்டும் நிலையில் ஆளை நிறுத்துவதும் விளம்பரத்தில் ஏற்கப்படாது. கூகுள் இப்படிப்பட்டவற்றைப் படிகளாகப் பிரித்திருக்கிறது. சிலவற்றுக்கு முழுத் தடை. சிலவற்றைப் பார்ப்பவரின் வயதையும், நாட்டையும், அவர் தேடிய சொல்லையும் பார்த்துக் குறைவாகக் காட்டும்.

ஆகவே படத்தை மாற்றுங்கள். சரக்கு வாங்கும் பையருக்குச் சாம்பிள் அனுப்பும்போது எப்படிப் படம் எடுப்பீர்களோ, அப்படி எடுத்தால் போதும். மேசை மேல் மடித்து வைத்து, அல்லது ஹேங்கரில், அல்லது பொம்மைக்கு மாட்டி எடுக்கலாம். மாடல்தான் வேண்டும் என்றால், தலை முதல் கால் வரை தெரிய, சாதாரண வெளிச்சத்தில், கடைக்கு வந்தவர் நிற்பதுபோல நிற்கட்டும். யாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 18 வயதுக்கு மேல் என்று குறித்துவிடுங்கள். பலரும் கோட்டைவிடும் இடம் இன்னொன்று உண்டு. விளம்பரத்தைத் தொட்டால் போய்ச் சேரும் பக்கத்தையும் தளங்கள் பார்க்கின்றன. விளம்பரப் படத்தை மட்டும் மாற்றினால் மறுபடியும் தள்ளிவிடக்கூடும். உங்கள் இணையதளத்தின் முதல் பக்கத்தில் அந்தக் கட்டில் படம் இன்னும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். குழந்தைகள் சட்டைக்குப் பையர் போடும் விதிகளை நினைத்துப் பாருங்கள். தலைமூடி வைத்த குழந்தைச் சட்டையில் கழுத்தை இறுக்கும் கயிறு கூடாது என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் சொல்கின்றன. கயிறு எதிலோ மாட்டிக்கொண்டு குழந்தைகள் இறந்த பிறகு வந்த விதி அது. திருப்பூரில் யாரும் அந்த விதியோடு சண்டை போடவில்லை. கயிற்றை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். விளம்பர விதிகளுக்குப் பின்னாலும் அப்படி அடிபட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகம்தான் நமக்குத் தெரிவதில்லை.

மோசமான விளம்பரங்கள் எப்படி உள்ளே வருகின்றன என்று கேட்டிருந்தீர்கள். முதல் பரிசோதனையில் பெரும்பகுதியை இயந்திரம்தான் செய்கிறது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும் வேலை அது. பரிசோதிப்பவருக்கு ஒரு பக்கத்தையும் பொதுமக்களுக்கு வேறொரு பக்கத்தையும் காட்டி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணில் பட்டால், விளம்பரத்தின் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டுப் புகார் செய்யுங்கள். நான் தினமும் செய்கிறேன். பக்கத்துக் கம்பெனிக்காரர் குறையுள்ள செகண்ட்ஸ் பீஸை நல்ல பீஸோடு கலந்து அனுப்பித் தப்பித்துவிட்டார் என்பதற்காக நீங்கள் கலக்க மாட்டீர்கள் அல்லவா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், தங்கை மகனும் படிக்கட்டும். இணையத்தில் ஆபாசமானதை வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு இருக்கிறது. முதல் முறைக்கு 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். உடல் தெரிந்தாலே ஆபாசம் என்று நீதிமன்றம் சொல்வதில்லை. 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு நிர்வாணப் படத்தைக்கூட அது சொல்ல வந்த செய்தியோடு, இக்காலச் சமூகத்தின் அளவுகோலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் இருந்த படம், நிறவெறிக்கு எதிராக ஒரு டென்னிஸ் வீரரும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டவரும் எடுத்துக்கொண்டது.

நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டியது இன்னொரு சட்டம். பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்க 1986-இல் வந்தது. விளம்பரங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது. பெண்ணின் உருவத்தையோ உடலின் ஒரு பகுதியையோ அசிங்கமாகக் காட்டுவது மட்டும் அதில் குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களைச் சிறுமைப்படுத்தும் விதத்தில் காட்டுவதையும் அதே வரியில், அதே எடையோடு அந்தச் சட்டம் சேர்த்திருக்கிறது. முதல் முறை நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை.

'சிறுமைப்படுத்துதல்' என்ற சொல்லோடு உங்கள் இரண்டாவது விளம்பரத்துக்கு வருகிறேன்.

கடிதத்தில் முதல் விளம்பரத்துக்காகத்தான் கொதித்திருக்கிறீர்கள். இரண்டாவதை நகைச்சுவை என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு இரண்டு நாளாக மனதை அறுத்துக்கொண்டிருப்பது அந்த இரண்டாவதுதான். கட்டில் படத்தைத் திருத்த அரை மணி நேரம் போதும். இது அப்படிப்பட்ட தவறு இல்லை.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பார்ப்பவரின் உடல், நோய், மதம், வயது, கடன் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு அவரிடமே பேசுவதுபோல விளம்பரம் எழுதக் கூடாது என்பது மெட்டாவின் விதிகளில் ஒன்று. 'பெரிய அளவு நைட்டிகள் கிடைக்கும்' என்று எழுதலாம். 'குண்டாகிவிட்டீர்களா?' என்று கேட்கக் கூடாது. தோற்றத்தைச் சொல்லித் தாழ்வு உணர்ச்சியை உண்டாக்கி விற்பதற்கும் தனியாகத் தடை இருக்கிறது. கூகுளில் 'பொருத்தமற்ற உள்ளடக்கம்' என்ற தலைப்பின் கீழ், ஒருவரையோ ஒரு கூட்டத்தையோ இழிவுபடுத்துவது, மிரட்டுவது, மிருகவதை, கெட்ட வார்த்தை, பேரிடரையும் சாவையும் காட்டி விற்பது எல்லாம் ஒரே பட்டியலில் வருகின்றன. 2020-இல் நம் ஊர்க் கம்பெனிகள் பனியனை நிறுத்திவிட்டு முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தபோது, மயானத்தில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் போட்டு முகக்கவச விளம்பரம் செய்து தரச் சொல்லி ஒருவர் கோவையில் என் அலுவலகத்துக்கு வந்தார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். அந்தப் படத்திலும் ஆபாசம் எதுவும் இல்லை.

நம் நாட்டில் விளம்பரத் துறையே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரக் குழு என்ற அமைப்பு 1985 முதல் மும்பையில் இருக்கிறது. இணைய விளம்பரங்களையும் அது பார்க்கிறது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் புகார் கொடுக்கலாம். ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற தீங்கான வார்ப்புகளுக்கு எதிராக 2022 ஜூன் மாதம் அது சில வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒருவருடைய உடல்வாகு ஊர் எதிர்பார்க்கும் அளவில் இல்லை என்பதால்தான் அவருக்குக் காதலோ, நட்போ, வேலையோ அமையவில்லை என்று விளம்பரம் உணர்த்தக் கூடாது என்பது அதில் ஒன்று.

அதே ஜூன் மாதத்தில் நடந்த இன்னொன்று உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒரு வாசனைத் திரவிய விளம்பரம் வந்தது. கடையில் தனியாக நிற்கும் ஒரு பெண், பின்னால் நான்கு ஆண்கள். அலமாரியில் மிச்சமிருக்கும் ஒரே பாட்டிலைப் பற்றித்தான் அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பயந்து அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பயம்தான் நகைச்சுவை. ஐவரும் முழு உடையில் இருந்தார்கள். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மத்தியத் தகவல் ஒலிபரப்புத் துறை யூடியூபிலிருந்தும் ட்விட்டரிலிருந்தும் அதை நீக்கச் சொன்னது. தரக் குழுவும் உடனே நிறுத்தச் சொன்னது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. உடை குறைவாக இருக்கிறதா என்று மட்டும் தேடிக்கொண்டிருப்பவர்களின் கண்ணில் அந்த விளம்பரம் பட்டிருக்கவே படாது.

இனி விதியை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். என் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். போன ஆடியில் அம்மாவைத் திருப்பூர்த் துணிக்கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஒரு கடையில் நைட்டி பார்த்தோம். அம்மா கையில் எடுத்த துணியைத் தடவிக்கொண்டே, கடைப் பையனின் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் பெரிய சைஸ் இருக்குமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு தாழ்ந்த குரல். அந்தப் பையன் நல்ல பையன்தான். மேலே பரணில் இருந்தவரிடம் எட்டும்படி, நாலு எக்ஸ்எல் இருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டான். கடையில் இருந்த எட்டுப் பத்துப் பேரும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா துணியை மடித்து வைத்துவிட்டு, வேண்டாம் என்று வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டார். பஸ் ஏறும்வரை துணியைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

உங்கள் வாடிக்கையாளர் அவர்தான். கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டியிருப்பதால்தான் அவர் போனைக் கையில் எடுக்கிறார். போனில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பரணுக்குக் குரல் கொடுக்க மாட்டார்கள். 5 எக்ஸ்எல் வரை தைப்பவர்கள் குறைவு. அந்த அளவுக்குத் தனியாகப் பேட்டர்ன் போட்டு, துணி கூடுதலாகச் செலவழித்து நீங்கள் தைக்கிறீர்கள். அது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தின் வாசலில் 'பந்தல் துணி' என்று எழுதி வைத்துவிட்டீர்கள். அந்த வரி பெண்ணிடம்கூடப் பேசவில்லை. அவள் கணவனைக் கூப்பிட்டு, அவளைக் காட்டிச் சிரிக்கச் சொல்கிறது.

அடுத்தது அந்தப் படம். செக்கிங் மேசையை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டியூப் லைட்டுக்குக் கீழே, வந்து குவியும் பீஸ்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, பிசிறு நூலை வெட்டி, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிறிய சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியாகத் தள்ளுவார்கள். அந்த அம்மாவும் வருடக்கணக்காக அந்த வேலையைத்தான் செய்துவந்திருப்பார். உங்கள் விளம்பரத்தில் அவர் புதுப் புடவை கட்டி, மாலை போட்ட மிஷினுக்குப் பக்கத்தில், நெற்றியில் சந்தனத்தோடு நிற்கிறார். அவருடைய இடுப்பை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டிருக்கிறான் பையன். அண்ணா, அவருக்கு அந்த அம்புக்குறியின் அர்த்தம் நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே சரி என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளமும் தீபாவளி போனஸும் கொடுக்கிற முதலாளியின் மருமகன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டால், வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அதில் என்ன எழுதப்போகிறோம் என்று முன்கூட்டி அவருக்குக் காட்டினீர்களா? ஒன்பது நாள் ஓடியிருக்கிறது. அவர் வீட்டிலும், அவர் தெருவிலும், அவரோடு மேசையில் நிற்பவர்கள் கையிலும் போன் இருக்கிறது.

அதனால் கணக்கை மீட்கும் வேலையை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்று அந்தப் படம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் சாதாரணப் பதிவாகவும் இருக்கிறது, பார்த்தேன். டீலர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தால், அழிக்கச் சொல்லி நீங்களே எழுதுங்கள். பிறகு அந்த அம்மாவிடம் பேசுங்கள். சூப்பர்வைசரை அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு, தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு நீங்கள் போங்கள். தவறு எங்களுடையது என்று சொல்லுங்கள். ஷிப்ட் நடுவில், மற்றவர்கள் முன்னால் வேண்டாம். அவர் பரவாயில்லை என்றுதான் சொல்வார். அதைக் கேட்டு நிம்மதியடைந்துவிடாதீர்கள். இனிமேல் யாருடைய படத்தையாவது போடுவதாக இருந்தால், படமும் எழுத்தும் சேர்ந்த முழு விளம்பரத்தைக் காட்டி, எழுதி வாங்கி, மாடலுக்குக் கொடுக்கும் கூலியைக் கொடுத்துப் போடுங்கள். முடியாது என்று சொல்வதற்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

மறு ஆய்வு மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டது என்று முதல் விளம்பரத்துக்கும் எழுத வேண்டாம், இரண்டாவதற்கும் எழுத வேண்டாம். முதல் விளம்பரத்தின் படத்தையும் இணையதளத்தின் முதல் பக்கத்தையும் மாற்றியிருக்கிறோம், இரண்டாவதை முழுவதுமாக நீக்கிவிட்டோம், இனி இன்னார் பார்த்த பிறகே விளம்பரம் போகும் என்று மூன்று வரி போதும். அந்த 'இன்னார்' உங்கள் வீட்டம்மாவாக இருக்கட்டும். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. படத்தைப் பார்த்து முகம் சுளித்தால் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். கணக்குத் திரும்பி வரும் என்று உறுதி கொடுக்க என்னால் முடியாது. ஆனால் திருத்திவிட்டுக் கேட்பவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததை என் வேலையில் பல முறை பார்த்திருக்கிறேன்.

புதிய நைட்டி விளம்பரத்தில் 'குண்டு' என்ற சொல்லும் வேண்டாம், 'ஒல்லியாகத் தெரிவீர்கள்' என்ற ஆசை வார்த்தையும் வேண்டாம். எக்ஸ்எல் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, அதை நம்பி யாரும் வாங்குவதில்லை. மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, தோள், உயரம், கையின் நீளம் எல்லாவற்றையும் அங்குலத்தில் போடுங்கள். துணியைத் தரையில் விரித்து, மேலே டேப்பை வைத்து ஒரு படம் எடுங்கள். சலவைக்குப் பிறகு எவ்வளவு சுருங்கும் என்பதையும் சொல்லுங்கள். பாக்கெட் இருந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள், போன் வைக்க இடம் தேடாத பெண் இல்லை. பார்சலின் மேல் ஒட்டும் சீட்டில் அளவை அச்சடிக்க வேண்டாம். கொண்டுவந்து கொடுப்பவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அதைப் படிக்கத் தேவையில்லை.

அளவு அட்டவணை தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், மனுவைச் சேர்ந்தே எழுதுவோம். என் அம்மாவுக்கும் ஒன்று வாங்க வேண்டும். அளவை உங்கள் தளத்திலேயே பதிந்துகொள்கிறேன்.